பதில் சொல்லும் செலவு

தேர்தலில் பணம் செலவாவது பற்றி நம்மிடையே பேச்சு வந்தால் அது இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. எல்லோரும் ஒரே பக்கம் நிற்பதால் பேச ஒன்றுமில்லை. பணம் கெட்டது, அவதூறு கெட்டது, ஜனங்கள் பாவம் அல்லது ஜனங்களும் கெட்டவர்கள். பிறகு கவிதைக்குப் போய்விடுகிறோம். சென்ற மாதம் ஒரு நண்பர் மட்டும் மாற்றிக் கேட்டார். 'ஒருவன் அதிகமாகச் செலவழித்தால் அதில் அநியாயம் எங்கே இருக்கிறது? யாருக்கு அது அநியாயம்? கோபப்படாமல் சொல்லுங்கள்.' என்னால் அன்று சொல்ல முடியவில்லை. அநியாயம் என்று தெரிகிறது. எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்ட முடியவில்லை. இந்தக் கட்டுரை அவருக்கு எழுதும் பதில். இதில் எனக்கு ஒரு பழைய பாக்கியும் இருக்கிறது. அதையும் சேர்த்தே தீர்க்கப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை ஒதுக்கிவைத்துவிடுகிறேன். வாக்குக்குக் காசு கொடுப்பதைப் பற்றி நான் பேசப்போவதில்லை. அந்தக் காரணத்துக்காக 2016-ல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-ல் ஆர்.கே. நகரிலும், 2019-ல் வேலூரிலும் தேர்தலையே நிறுத்தவேண்டி வந்தது. அது லஞ்சம், அதன் தப்பு எங்கே என்பதில் குழப்பமில்லை. தவிர, காசு வாங்கியவனுக்குத் தான் எதை வாங்கினோம், யாரிடம் வாங்கினோம் என்று தெரியும். வாங்கிக்கொண்டு வேறொருவனுக்குப் போடவும் அவனால் முடியும். மறைப்புக்குப் பின்னால் அவன் தனியாகத்தான் இருக்கிறான். நான் சொல்லவந்த விஷயத்தில், வாங்கியவனுக்குத் தான் ஒன்றை வாங்கிக்கொண்டோம் என்பதே தெரிவதில்லை.

*

1989 ஜனவரியில் தமிழ்நாடு சட்டமன்றத் தேர்தல் நடந்தபோது நான் ஒரு தாலுகா ஊரில், ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன். எம்.ஜி.ஆர். 1987 டிசம்பரில் இறந்தபின் அவருடைய கட்சி இரண்டாகப் பிரிந்து நின்றது. தி.மு.க. ஓர் அணி, காங்கிரஸ் ஓர் அணி. நான்கு முனைப் போட்டியில் யார் எத்தனை வாங்குவார்கள் என்று யாருக்கும் தெரியாத நிலைமை. அப்படிப்பட்ட போட்டியில் முந்நூறு வாக்குக்கும் ஒரு விலை வந்துவிடுகிறது. எங்கள் தொகுதியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் சுயேச்சையாக நின்றார். ஜெயிப்பதற்காக அல்ல. ஏன் நின்றார் என்று அவரைக் கேட்டால், நிற்பது தப்பா என்று திருப்பிக் கேட்பார். அவரிடம் படித்தவர்கள் ஊரெல்லாம் இருந்தார்கள். அதனால் ஒரு பெரிய கட்சிக்காரருக்குப் பயம் வந்தது.

வாக்குப்பதிவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஓர் ஆள் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொண்டுவந்தார். பிட் நோட்டீஸ். தலைமையாசிரியர் பள்ளிக் கட்டிட நிதியைத் தின்றவர் என்று அதில் நேராகவே எழுதியிருந்தது. முதலாளி தயங்கினார். கேஸ் வரும் என்றார். நான் அப்போதுதான் நாலைந்து கவிதைகள் பிரசுரமாகி, வார்த்தைகளைப் பற்றி எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று இருந்தவன். பிரதியை வாங்கிப் பார்த்துவிட்டுச் சொன்னேன், குற்றச்சாட்டாக எழுதினால்தான் கேஸ், கேள்வியாக எழுதினால் என்ன செய்வார்கள் என்று. அங்கேயே உட்கார்ந்து நான்கு வரியாக்கிக் கொடுத்தேன். முதல் வரி, இன்ன வருஷம் கட்டிட நிதி வசூலானது. இரண்டாவது, கட்டிடம் இன்றுவரை எழும்பவில்லை. மூன்றாவது, அதற்கு அடுத்த வருஷம் தலைமையாசிரியர் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் செய்தார். நான்காவது வரியில் ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியில் பணம் என்ற வார்த்தைகூட இல்லை. முதல் மூன்று வரிகளும் உண்மை. ஊரில் யாரும் மறுக்க முடியாது. கீழே 'தொகுதி நலம் விரும்புவோர்' என்று போட்டோம். அச்சகத்தின் பெயர் போடவில்லை. பத்தாயிரம் பிரதி. இரவெல்லாம் ட்ரெடில் ஓடியது.

இரண்டாம் நாள் காலையில் அவரே வந்தார். ஊரில் நல்ல அச்சகம் என்று அது ஒன்றுதான் இருந்தது. அந்த நோட்டீஸ் எங்கே அடித்தது என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. தெருவில் பொறுக்கிய நோட்டீஸை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். ஒன்றரைப் பக்கத்துக்குப் பதில் எழுதிக் கொண்டுவந்திருந்தார். வசூலான தொகை பொதுமக்கள் பங்காக அரசாங்கத்தில் கட்டப்பட்டது, கட்டிய தேதி, செலான் எண், இடம் சம்பந்தமான தகராறில் வேலை நின்றது, வீடு அவருடைய மனைவியின் நிலத்தை விற்றும் சேமநல நிதியிலிருந்து எடுத்தும் கட்டியது, எவ்வளவு எடுத்தார் என்பது வரை. ஆயிரம் பிரதிக்கு என்ன ஆகும் என்று கேட்டார். முதலாளி சொன்னார். அப்படியானால் ஐந்நூறு என்றார். என்னைப் பார்த்து, 'தம்பி, கீழே அச்சகத்தின் பெயர் வரணும், என் பெயரும் வரணும், மறந்துடாதீங்க' என்றார். 'சரி ஸார்' என்றேன். புரூஃபில் திருத்த ஒன்றுமே இல்லை. காத்திருந்தபோது சட்டைப்பையிலிருந்த நோட்டீஸை எடுத்துப் பிரித்து, எனக்குக் காட்டுகிற மாதிரியும் காட்டாத மாதிரியும், 'எழுதினவனுக்குத் தமிழ் நல்லா வருது' என்று சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. அவருடைய பதில் அச்சாகிக் கைக்குக் கிடைத்தது வாக்குப்பதிவுக்கு முந்திய நாள் மாலை. முந்நூற்றுச் சொச்சம் வாக்கு வாங்கி டெபாசிட் இழந்தார். டெபாசிட் அப்போது இருநூற்றைம்பது ரூபாய்.

நோட்டீஸ் இல்லாவிட்டாலும் அவர் தோற்றிருப்பார். ஆகவே தேர்தல் முடிவில் நான் எதையும் மாற்றிவிடவில்லை என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வாஸ்தவம்தான். ஆனால் சமாதானம் தேவைப்பட்ட இடம் அதுவல்ல.

*

பின்னால் சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் படித்தேன். 1951-ன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4)-ம் பிரிவு, ஒரு வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய்யென்று தெரிந்தோ, மெய்யென்று நம்பாமலோ சொல்வதை ஊழல் நடவடிக்கை என்கிறது. 127-ஏ பிரிவு, தேர்தல் பிரசுரத்தில் அச்சிட்டவர் பெயரும் வெளியிட்டவர் பெயரும் இருக்கவேண்டும் என்கிறது. கேள்விக்கு வழக்கு இல்லை என்று நான் சொன்னதும் முழுக்கச் சரியல்ல. வார்த்தையின் உருவத்தை மட்டுமல்ல, அது குறிப்பால் உணர்த்துவதையும் நீதிமன்றம் பார்க்கும். ஆனால் யார் பார்க்கச் சொல்வது? நாற்பத்தைந்து நாளுக்குள் உயர்நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடவேண்டும், இரண்டாயிரம் ரூபாய் ஈடு கட்டவேண்டும், நோட்டீஸ் ஜெயித்தவரின் சம்மதத்தோடு வந்தது என்று நிரூபிக்கவேண்டும். 'தொகுதி நலம் விரும்புவோர்' என்பவர் யாருடைய சம்மதத்தை வாங்கினார்? இருநூற்றைம்பது ரூபாயை இழந்தவர் இதற்கெல்லாம் போகமாட்டார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

செலவு விஷயத்தில் சட்டத்தின் கதை இன்னும் விசித்திரமானது. வேட்பாளரின் செலவுக்கு உச்சவரம்பு வைக்கிற யோசனை 1883-ல் பிரிட்டனில் சட்டமாயிற்று. நாம் அதைத் தொடர்ந்தோம். 1971-ல் தில்லி சதர் தொகுதியில் ஜெயித்தவருக்கு எதிரான வழக்கில், 1974 அக்டோபர் 3-ந் தேதி உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: வேட்பாளர் அறிந்து அவருக்காகக் கட்சி செய்த செலவும் அவர் கணக்கில்தான் சேரும். காரணமும் சொன்னது. எவ்வளவு சிறிய கட்சியானாலும், தனி மனிதனானாலும், மற்றவர்களோடு சமமாகப் போட்டியிட முடியவேண்டும் என்பதற்காகத்தான் உச்சவரம்பு; கட்சியின் பணத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அந்த நோக்கமே இல்லாமல் போகும். இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது. அதே மாதத்திலேயே ஓர் அவசரச் சட்டம் வந்தது. கட்சியோ நண்பர்களோ வேறு எவருமோ செய்த செலவு வேட்பாளரின் செலவாகாது என்று ஒரு விளக்கம் சேர்க்கப்பட்டது. உச்சவரம்பு அப்படியே இருந்தது. அதற்குள் எதை அளப்பது என்பது மட்டும் போய்விட்டது. 1989-ல் நாங்கள் அடித்த பத்தாயிரம் நோட்டீஸ் எந்தக் கணக்கிலும் வராதது அந்த விளக்கத்தின் தயவால்தான். 2003-ல் அந்த விளக்கத்தை எடுத்தார்கள். ஆனால் கட்சித் தலைவர்களின் பிரயாணச் செலவு வேட்பாளர் கணக்கில் வராது, கட்சி பொதுவாகச் செய்யும் பிரசாரத்துக்கு வரம்பே கிடையாது. 2022-ல் உயர்த்தியபடி பெரிய மாநிலங்களில் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் என்பது வேட்பாளரின் வரம்பு. முடிவு வந்த முப்பது நாளுக்குள் ஒவ்வொருவரும் கணக்குக் கொடுக்கவேண்டும். கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கை யாரும் நம்புவதில்லை, கொடுக்கிறவர் உள்பட. ஒருவருடைய பொதுவாழ்க்கை கையெழுத்திட்ட ஒரு பொய்யோடு ஆரம்பிக்கும்படி நாம் ஏற்பாடு செய்திருக்கிறோம்.

*

என் நண்பர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, 'வரம்பை மீறுவது குற்றம் என்று சொல்கிறீர்கள். வரம்பு ஏன் நியாயம் என்று சொல்லவில்லையே' என்றார். அவர் கேட்டது சரி. அமெரிக்காவில் 1976-ல் உச்சநீதிமன்றம் வரம்பே நியாயமில்லை என்று சொன்னது. அரசியலில் பேசப் பணம் வேண்டும். பணத்துக்கு வரம்பு வைத்தால் பேச்சுக்கு வரம்பு வைத்ததாகும். சிலருடைய குரலை உயர்த்துவதற்காக மற்றவர்கள் குரலை அடக்குவது தங்கள் அரசியல் சாசனத்துக்கே அந்நியமானது என்பது அவர்கள் வாதம். 2010-ல் இந்த வழியிலேயே இன்னும் போய், கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் தாமாகச் செய்யும் தேர்தல் செலவுக்கு வரம்பு கூடாது என்றார்கள். இதைக் கேலி செய்வது சுலபம். ஆனால் இந்த வாதத்தில் ஒரு பாதி எனக்கு மறுக்கத் தெரியவில்லை. தலைமையாசிரியருக்கும் அச்சுக்கூலி வேண்டியிருந்தது. பணமில்லாமல் அவர் பேச்சு ஒன்றரைப் பக்கக் கையெழுத்துக் காகிதமாகவே இருந்திருக்கும்.

வரம்புக்கு எதிராக இன்னொன்றும் சொல்லலாம். அது தெரிந்த முகத்துக்கு அனுகூலமானது. 1967 ஜனவரி 12-ந் தேதி எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டோடு அவர் இருக்கிற படம் சுவரெல்லாம் வந்தது. அதன் அச்சுக்கூலி சொற்பம். அந்தப் படத்துக்குப் பின்னால் இருந்த முப்பது வருஷ சினிமாவை எந்தக் கணக்கில் எழுதுவது? முகம் தெரிந்தவருக்கும் தெரியாதவருக்கும் ஒரே வரம்பு வைத்தால், தெரியாதவர் தெரியாதவராகவே இருக்கவேண்டியதுதான். ஆட்சியில் இருப்பவருக்கோ அரசாங்கமே விளம்பரம். ஆகவே செலவில் சமத்துவம் என்பது போட்டியில் சமத்துவம் ஆகிவிடாது.

சமத்துவத்தை மட்டும் தேடினால் உத்தரமேரூர்க் கல்வெட்டுக்குத்தான் போகவேண்டும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டியது. ஓலையில் பேரெழுதிக் குடத்தில் போட்டு ஒரு சிறுவனை எடுக்கச் சொல்கிற முறை. பிரசாரம் இல்லை, செலவு இல்லை, அவதூறும் இல்லை. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மறுபடி நிற்க முடியாது என்ற விதிகூட இருந்தது. இன்றைக்கு அதைப் படித்தால் பொறாமையாக இருக்கிறது. ஆனால் குடத்துக்குள் பேர் போகவே நிலம் வேண்டும், வேதம் வேண்டும். அங்கே ஒருவரை ஒருவர் எதிர்த்துப் பேசவேண்டிய அவசியமே இல்லாததற்குக் காரணம், பேசவேண்டியவர்கள் எல்லோரும் வெளியே இருந்தார்கள் என்பதுதான். அந்த நிசப்தத்தை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன்.

*

எதிர்த்துப் பேசுவது என்றேன். அவதூறு என்கிற பெயரில் எதிர்ப்பிரசாரம் முழுவதையும் கண்டிக்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 'நான் என்ன செய்வேன் என்று சொல்கிறேன், அவனைப் பற்றிச் சொல்லமாட்டேன்' என்பது கேட்க நாகரிகமாக இருக்கும். ஆனால் செய்யப்போவதைப் பற்றிச் சொல்வதில்தான் பொய்க்கு அதிக இடம். நடந்ததைச் சொன்னால் சரிபார்க்கலாம். நடக்கப்போவதை எப்படிச் சரிபார்ப்பது? அதிகாரத்தில் இருப்பவனைப் பற்றிக் கெட்டதைச் சொல்வது, அதிகாரத்தில் இல்லாதவனுக்கு இருக்கிற முக்கியமான ஆயுதம். 1967-ல் அரிசிப் பஞ்சத்தைப் பற்றிக் காங்கிரஸுக்கு எதிராகப் பேசாமல் தி.மு.க. எதைப் பேசியிருக்க முடியும்?

எதிர்ப்பிரசாரம் சர்வ வல்லமை கொண்டது என்பதும் ஒரு பிரமை. 1971 ஜனவரியில் சேலத்தில் பெரியார் நடத்திய மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாட்டு ஊர்வலத்தில் ராமர் படம் செருப்படி பட்ட விவகாரத்தை, மார்ச் தேர்தலில் எதிர்க்கட்சிகள் தி.மு.க.வுக்கு எதிராக எடுத்துக்கொண்டன. ஊருக்கு ஊர் அதே பேச்சு. தி.மு.க. முன்னைவிட அதிகமாக, 184 இடங்களில் ஜெயித்தது. ஜனங்கள் அந்தக் குற்றச்சாட்டைக் கேட்டார்கள், அதற்கு மறுப்பையும் கேட்டார்கள், தங்களுக்கு எது முக்கியம் என்று தீர்மானித்துக்கொண்டார்கள். அந்தத் தீர்மானம் சரியா தப்பா என்பது வேறு. இரண்டு தரப்புக்கும் மேடை இருந்தது, மைக் இருந்தது, பத்திரிகை இருந்தது. ஒன்றுக்கு ஒன்று பதில் சொல்ல முடிந்தது.

என் நண்பருக்கு நான் விரல் வைத்துக் காட்டவேண்டிய இடம் இங்கேதான் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பத்தாயிரம் பேர் என் நான்கு வரியைப் படித்தார்கள். ஐந்நூறு பேர் அவருடைய ஒன்றரைப் பக்கத்தைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் எல்லோரும் படித்திருக்கமாட்டார்கள். மீதி ஒன்பதாயிரத்து ஐந்நூறு பேர், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லும்படி வைக்கப்பட்டார்கள். சிலப்பதிகாரத்தில் பாண்டியன் செய்தது அதைத்தான். பொற்கொல்லன் ஒரு வார்த்தை சொன்னான். அரசியின் சிலம்பு காணாமல் போனது உண்மை, கோவலன் கையில் ஒரு சிலம்பு இருந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதுமாயிருந்தது. பாண்டியனுக்காவது கண்ணகி வந்தாள். அவனுக்குத் தெரிந்தது, உயிர் போயிற்று. எங்கள் ஊரில் அந்த ஒன்பதாயிரத்து ஐந்நூறு பேருக்குக் கடைசிவரை தெரியவில்லை. அவர்களில் பலர் இன்றும் அந்தத் தலைமையாசிரியரைப் பற்றி ஒரு மாதிரியாகத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள், ஏன் என்று ஞாபகம் இல்லாமலே.

ஆகவே அநியாயம் வேட்பாளருக்கு மட்டுமல்ல, அது வாக்காளனுக்கு. அவனை நீதிபதி என்று உட்காரவைத்துவிட்டு, எதிர்வாதியை வாசலில் நிறுத்திவைத்தது. ஒருவன் அதிகமாகச் செலவழித்தது என்ற அளவில் அதில் தப்பில்லை. அவன் செலவு மற்றவனுடைய பதிலை எட்டாத இடத்துக்குக் கொண்டுபோனது என்பதுதான் தப்பு. பேசும் உரிமை எல்லோருக்கும் ஒன்று. ஒரு வாக்கியத்தை நான் சொல்வதற்கும் அதே வாக்கியத்தைப் பத்தாயிரம் தரம் சொல்வதற்கும் நடுவே வித்தியாசம் இருக்கிறது. முதலாவது பேச்சு, இரண்டாவது மற்றவன் பேச்சுக்கு இடமில்லாமல் செய்கிற காரியம். அமெரிக்க நீதிபதிகள் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இதற்கு உடனே ஓர் ஆட்சேபணை எழும். 1964 செப்டம்பர் 7-ந் தேதி ஜான்சனின் தேர்தலுக்காக அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒரு விளம்பரம் வந்தது. ஒரு சின்னப் பெண் பூவின் இதழ்களைப் பிய்த்து எண்ணுகிறாள், பிறகு ஓர் ஆண்குரல் எண்களைத் தலைகீழாக எண்ணுகிறது, அணுகுண்டு வெடிக்கிறது. எதிரி கோல்ட்வாட்டரின் பெயர் அதில் இல்லை. காசு கொடுத்து ஒளிபரப்பியது ஒரே ஒரு தடவை. அதற்குப் பிறகு செய்திகளில் அதைப் பற்றிப் பேசுவதற்காக அவர்களே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பணம் இங்கே திரும்பச் சொல்லவில்லையே? சொல்லவில்லைதான். ஆனால் என் வாதத்தின் இன்னொரு பக்கத்தை இது காட்டுகிறது. அந்த விளம்பரம் எதையும் சொல்லவில்லை, ஆகவே எதை மறுப்பது? குற்றச்சாட்டுக்கு நான்கு வரி போதும். பதிலுக்கு ஒன்றரைப் பக்கம், தேதி, செலான் எண். சந்தேகம் சுருக்கமானது, விளக்கம் நீளமானது. இரண்டு பேருக்கும் ஒரே அளவு பணம் கொடுத்தாலும் பதில் சொல்கிறவனுக்குத்தான் செலவு அதிகம். காலமும் அவனுக்கு எதிரி. நோட்டீஸ் வந்த நாலாவது நாள் வாக்குப்பதிவு. இதனால்தான் செலவைப் பற்றிய கேள்வியையும் அவதூறைப் பற்றிய கேள்வியையும் தனித்தனியாக வைத்து யோசிப்பது பிரயோஜனப்படவில்லை என்று சொல்கிறேன். பணத்தின் அநியாயம் பதில் சொல்லவேண்டிய இடத்தில்தான் கண்ணுக்குத் தெரிகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? உச்சவரம்பைவிட அடிவரம்பு முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேலே இருப்பவன் எவ்வளவு செலவழிக்கிறான் என்பதைவிட, கீழே இருப்பவனுடைய பதில் எல்லா வாக்காளர் கைக்கும் போய்ச் சேர வழி இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். 1998-ல் இந்திரஜித் குப்தா குழு அரசே தேர்தல் செலவில் ஒரு பகுதியைப் பொருளாகத் தரலாம் என்றது. ஆனால் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளுக்குத்தான், சுயேச்சைக்கு இல்லை. அரசு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரமும் அப்படித்தான். தலைமையாசிரியர் இதிலும் வாசலில்தான் நிற்கிறார்.

*

நண்பர் கடைசியாக ஒன்று கேட்டார். அதுதான் என்னைத் தைத்தது. 'அவர் உண்மையிலேயே நிதியைத் தின்றவராக இருந்திருந்தால் உங்களுக்கு இந்த உறுத்தல் இருக்குமா?'

இருந்திருக்காது. ஆனால் நான் செய்த காரியத்தில் ஒரு எழுத்துக்கூட வித்தியாசமாக இருந்திருக்காது. அவர் தின்றாரா இல்லையா என்று எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. வாக்கியம் நன்றாக அமைந்தது, அது போதுமாயிருந்தது. முதலில் வந்த பிரதி முரட்டுத்தனமானது, ஆனால் பொய் பொய்யின் முகத்தோடேயே இருந்தது. ஊரார் படித்துவிட்டு 'சும்மா கட்டிவிடுகிறான்' என்று தூக்கிப்போட்டிருக்கலாம். நான் அதை நம்பத்தக்கதாக ஆக்கினேன். கட்சிக்காரர் பணம் கொடுத்தார், முதலாளி காகிதம் கொடுத்தார், நான் கொடுத்தது தமிழ். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் வார்த்தையை விற்றுச் சாப்பிடாதவர்கள் குறைவு. புரூஃப் பார்க்கிறோம், விளம்பரத்துக்கு எழுதுகிறோம், யாருக்கோ மேடைப்பேச்சு எழுதித் தருகிறோம். இரவில் கவிதை எழுதுகிற கையும் அதுவும் வேறு வேறு என்று ஒரு பாவனை வைத்திருக்கிறோம். தேர்தல் செலவு பற்றி நாம் கண்டனம் செய்யும்போது, அந்தச் செலவில் ஒரு சிறு பகுதி நம் கூலியாக வந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

என் பெயரைக் கீழே போட்டிருந்தால் அந்த நான்கு வரியை எழுதியிருப்பேனா? மாட்டேன். இதையே எல்லோருக்கும் ஒரு சோதனையாக வைக்கலாமா என்று யோசித்தேன்: பெயர் போடத் தயாரில்லாததைச் சொல்லாதே. ஆனால் அது சரிவராது. ஊரில் பெரிய மனிதனைப் பற்றி உண்மையைச் சொல்கிற கூலிக்காரன் பெயர் போட்டால் மறுநாள் அவனுக்கு வேலை இருக்காது. சில ஊர்களில் கை இருக்காது. அவனுடைய மொட்டைக் கடிதத்துக்கு ஒரு தர்மம் இருக்கிறது. 1995-ல் அமெரிக்க உச்சநீதிமன்றம் பள்ளி வரிக்கு எதிராகப் பெயரில்லாமல் துண்டுப்பிரசுரம் கொடுத்த ஒரு பெண்ணின் பக்கம் நின்றது. அந்தத் தீர்ப்பு எனக்குச் சரியென்றே படுகிறது. பெயரை மறைப்பது பலவீனனின் உரிமை. பத்தாயிரம் பிரதி அடிக்கிறவன் பலவீனன் அல்ல. பணம் ஏற ஏற மறைந்துகொள்ளும் உரிமை குறையவேண்டும்.

நாம் நேர்மாறாகச் செய்தோம். 2018-ல் வந்த தேர்தல் பத்திரம் ஆயிரம் ரூபாயிலிருந்து ஒரு கோடி வரை. யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்று வாக்காளனுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு கோடிப் பத்திரம் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம், பெயர் வெளியே வராது. வாக்காளனின் அறியும் உரிமைக்கு விரோதம் என்று 2024 பிப்ரவரி 15-ந் தேதி உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஆறு வருஷம், 'தொகுதி நலம் விரும்புவோர்' என்பது அரசாங்க முத்திரையோடு நடந்தது.

இப்போது ட்ரெடில் இல்லை. அந்த மாதிரி நோட்டீஸ் கைபேசிக்கு வருகிறது. வாட்ஸ்அப்பில் வருகிற ஒன்றை யார் எழுதினார், யார் பணம் கொடுத்தார் என்று கடைசியில் இருப்பவனுக்குத் தெரிய வழியில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் சந்தேகத்துக்குத் தகுந்த மாதிரி தனித்தனி நோட்டீஸ் அனுப்ப முடியும். 1989-ல் தலைமையாசிரியருக்கு ஒரு சௌகரியம் இருந்தது: தன்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதைத் தெருவில் பொறுக்கிப் படிக்க முடிந்தது. இன்றைக்கு அப்படிப்பட்டவருக்கு, தன் மேல் குற்றச்சாட்டு இருக்கிறது என்பதே தெரியாமல் தேர்தல் முடிந்துவிடலாம். பதில் சொல்லும் செலவு என்று நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். கேள்வியே காதில் விழாதவனுக்குச் செலவு ஏது?

அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது அவரிடம் நான் போயிருக்கலாம். போகவில்லை. இதை இங்கே, இத்தனை சில பேர் படிக்கிற இடத்தில் எழுதுவதும் அந்த ஐந்நூறு பிரதியைப் போன்றதுதான். அந்த ஒன்பதாயிரத்து ஐந்நூறு பேரில் ஒருவருக்கும் இது போய்ச் சேராது. இருந்தாலும் அந்த நோட்டீஸின் கீழே இல்லாமல் போன பெயர் இந்தக் கட்டுரையின் கீழே இருக்கும்.